வௌவாலா குற்றவாளி?

மலிவுச் செலவில் எடுத்த பேய்ப்படமென்றால் படித்தவர் முகஞ் சுளிப்பர். பாமரர் அஞ்சி மகிழ்வர். இருசாராரும் ஊன்றிப் பார்க்க வேண்டிய படமொன்று உண்டு. 1933-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த “தி வாம்பயர் பேட்” என்பதே அது. இரத்தங் குடிக்கும் வௌவால் என்பது அப்பெயரின் பொருள்.

மெஜஸ்டிக் பிக்சர்ஸ் என்ற சிறு கம்பெனி அதைத் தயாரித்தது. டைரக்டர் பிராங்க் ஸ்ட்ரேயர். யூனிவர்சல் கம்பெனியின் “பிராங்கன்ஸ்டைன்” படத்திற்குப் பயன்பட்ட கிராமத்துத் தெருக்களையே இரவல் வாங்கிப் படம் பிடித்தனர். தெரு இரவல் என்பதால் கருத்தும் இரவல் என்று தள்ளிவிடுதல் பேதைமை.

கதை நிகழ்வது ஐரோப்பியச் சிற்றூர் ஒன்றில். ஒருவர்பின் ஒருவராக மக்கள் இரத்தம் வற்றிச் சாகின்றனர். கழுத்தில் இரு துளைகள். ஊர்த்தலைவர் முதலாகப் பலரும் “பேயின் வேலை” என்று நடுங்குகின்றனர். அவ்வூரில் ஹெர்மன் என்றோர் ஏழை, புத்தி மட்டானவன், வௌவால்களை வாஞ்சையோடு தடவிக் கொடுப்பவன். வேறென்ன சாட்சி வேண்டும்? தீப்பந்தம் ஏந்திய கூட்டம் அவனைத் துரத்துகிறது. அந்தோ, குகையொன்றில் வீழ்ந்து மாள்கிறான்!

உண்மையில் இரத்தம் உறிஞ்சியவர் யார்? ஊரார் கைகூப்பும் டாக்டர் வான் நீமன். ஆய்வுக்கூடத்தில் தாம் படைத்த செயற்கை உயிருக்கு இரையூட்டவே அவர் கொலை செய்கிறார். தம் பணியாளை மனோவசியத்தால் ஏவி ஆட்களைக் கொணர்கிறார். இறந்தவர் உடலைச் சோதித்துக் கருத்துரைப்பவரும் அவரே! கொலைஞனே சாட்சியானால் நீதி எங்ஙனம் பிழைக்கும்?

“பார்த்தீரா, விஞ்ஞானம் மனிதனைக் கெடுக்கும்; பழைய நம்பிக்கையே மேல்” என்று இப்படத்தைக் காட்டி வாதிடுவோர்க்கு ஒன்று கூறுவோம். நீமனுக்கு ஆயுதம் தந்தது ஆய்வுக்கூடமாக இருக்கலாம்; ஒளியுமிடம் தந்தது மூடநம்பிக்கையன்றோ? கழுத்துத் துளையைக் கண்டவுடன் “எந்த மனிதன் செய்தான்?” என்று ஊரார் கேட்டிருப்பின், டாக்டரின் கதவு அன்றே தட்டப்பட்டிருக்கும். அவர்கள் கேட்டதோ, “எந்தப் பேய்?” என்று. இரத்தம் உண்ணும் வௌவால்கள் மூன்றே இனம். மூன்றும் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்வன. சிறு காயம் செய்து நக்கி உண்பன. ஐரோப்பிய வௌவாலுக்கு இத்தொழிலே தெரியாது. இந்தச் சிறு விஞ்ஞான அறிவு ஓர் ஏழையின் உயிரைக் காத்திருக்கும். பகுத்தறிவு பேசும் இன்ஸ்பெக்டரே ஒரு கட்டத்தில் தளர்ந்து பேயை நம்பத் தலைப்படுகிறார். ஊரச்சம் அத்துணை வலியது!

நிற்க. இப்படத்தின் உண்மையான குற்றம் வேறு. நீமனுக்குத் தண்டனை கிட்டுகிறது. ஹெர்மனைத் துரத்திய கூட்டத்திற்கோ ஒரு கேள்வியும் இல்லை. தீப்பந்தங்கள் அணைந்தன, அவரவர் வீடு சென்றனர், படம் ஒரு வேடிக்கைச் சிரிப்போடு முடிகிறது. ஒருவன் செய்தால் கொலை. ஊரே கூடிச் செய்தால் விதியோ? இக்கேள்வியைக் கேட்கத் துணிந்திருப்பின் இது மாபெரும் படமாகியிருக்கும்.

தோழர்களே! பட்டம் பெற்றவர் சொன்னாலும் காரணம் கேளுங்கள். ஊரே திரண்டு சொன்னாலும் சான்று கேளுங்கள். அண்டை வீட்டில் ஒரு பிள்ளை திடீரென இறந்தால், எந்தப் பேய் அடித்தது என்று தேடாதீர். என்ன நோய், எந்தத் தண்ணீர், மருத்துவம் ஏன் தாமதித்தது என்று தேடுங்கள். நாதியற்ற ஒருவனை நோக்கி ஊர் விரல் நீட்டும்போது, அவ்விரலுக்குப் பின்னே ஒளிந்து நிற்பவன் யாரென்று பாருங்கள். ஹெர்மனுக்கு அவ்வூரில் அப்படிப் பார்க்க ஆளில்லை. நம் ஊரில் இருக்கட்டும்.