உடனிருக்கும் உரிமை!

இங்கிலாந்து நாட்டிலே ஜான் ஜெரார்டு என்றொரு பெரியவர். அவரே ஒரு மருத்துவர்! முதுமையிலே மறதிநோய் - டிமென்ஷியா என்பார்களே, அது - பற்றிக்கொண்டது. எனினும் நடந்தார், பேசினார், இல்லத்தாரோடு இன்புற்றிருந்தார். 2014 பிப்ரவரியில், காற்புண்ணுக்காக மருத்துவமனை புகுந்தார். ஐந்து வாரம்! பார்வையாளர் நேரம் என்ற வேலி, குடும்பத்தாரைத் தடுத்தது. வீடு திரும்பியபோது நடையில்லை, தெளிந்த பேச்சில்லை. அவ்வாண்டு நவம்பரில் மறைந்தார்.

மகள் நிக்கி ஜெரார்டு, எழுத்தாளர். தோழி ஜூலியா ஜோன்சுடன் சேர்ந்து 'ஜான் இயக்கம்' கண்டார். கேட்டது என்ன? மாடமாளிகையா? இல்லை, மறதிநோயாளியின் அருகே, அவரை அறிந்தவர் இருக்கும் உரிமை!

புதிய இடம், அணையாத விளக்கு, மாறிமாறி வரும் முகங்கள் - குழப்பம் பெருகுகிறது. வலியைச் சொல்ல வாய் வராது, ஊசிக்குழாயைப் பிடுங்குகிறார். உடனே 'முரடர்' என்ற பட்டம். கையைக் கட்டிலோடு பிணைக்கக் கயிறு! அவர் புரள்வது வலியாலா, சிறுநீர் முட்டுவதாலா என்பதை, உடன் வாழ்ந்த மனைவி நொடியில் சொல்வாள். செவிலியரைப் பழிக்கவில்லை நாம். பாவம், எத்தனைக் கட்டிலுக்கு ஓடுவார் அவர்!

தமிழகத்திலே துணைக்குப் பஞ்சமில்லையே என்பீர். உண்மை! தள்ளுவண்டி தள்ள அந்தத் துணை வேண்டும். பரிசோதனைச் சீட்டேந்தி ஓட வேண்டும். மருத்துவர் சுற்றி வரும்போது மட்டும், 'வெளியே போ!' ஆண்கள் பகுதியில் இரவிலே பெண்ணுக்கு இடமில்லை என்று வாயிற்காவலர் சொல்லிவிட்டால், மூதாட்டி தாழ்வாரத்தில். கிழவர் உள்ளே, திகிலில்!

1978-லேயே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோர்க்கெனத் தனிப் புறநோயாளர் பிரிவு கண்ட மாநிலம் இது. 2024-ல் கிண்டியில் 200 படுக்கையுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. பெருமைதான்! ஆனால் இடுப்பெலும்பு முறிந்த கிராமத்துப் பாட்டி, வட்டத் தலைநகர் மருத்துவமனைக்கன்றோ வருகிறாள்? இந்தியாவில் அறுபதைக் கடந்தோரில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் இந்நோய் என 2023-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டிருக்கிறதே!

எனவே கேட்கிறோம்: மறதிநோயாளியின் சீட்டிலேயே உடனிருப்பவர் பெயரும் எழுதப்படட்டும். இரவும் பகலும் அவர்க்கு அனுமதி. அமர ஒரு நாற்காலி. மருத்துவர் சுற்றிலே அவர் சொல்லுக்கும் செவி. யாருமற்றவர்க்கு அரசே ஆள் அமர்த்தட்டும். அதற்கு மட்டுமே பணம் வேண்டும். மற்றவைக்கு ஓர் அரசாணை போதும்!

தோழர்களே! இவ்வாரமே உங்கள் ஊர் அரசு மருத்துவமனைக் கண்காணிப்பாளரிடம் இதனை மனுவாகக் கொடுங்கள். நகலொன்று மக்கள் நல்வாழ்வுத்துறை அமைச்சருக்குச் செல்லட்டும்.