இருபது நிமிஷத்துல என்னத்தைக் கிழிப்பே?

கோபத்தோடதான் ஆரம்பிக்கிறேன், மன்னிச்சுக்கோங்க மக்களே.

போன மாசம் ஒரு கல்லூரிக் கலைவிழா. ஓவியப் போட்டிக்கு நான் கொடுத்தது போஸ்ட் கார்டு அளவுல ஒரு படம். ஒத்தக்கடைப் பக்கம் உட்கார்ந்து, பொழுது சாயும்போது யானைமலையைப் பார்த்து வரைந்தது. நடுவர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இது இன்னும் முடியலையே. ஒரு போட்டோ எடுத்துட்டுப் போய் வீட்ல நிதானமா, பெருசா போட்டிருக்கலாமே?" பரிசு, ஏதோ வால்பேப்பரைப் பார்த்து வரைந்த ஆரஞ்சு கடற்கரைக்கு. தென்னைமரம், படகு எல்லாம் உண்டு. "இருபது நிமிஷத்துல வேற என்னத்தைக் கிழிப்பே?" என்று நண்பன் வேறு.

பரிசு போனதில் வருத்தமே இல்லை என்றால் அது பொய். ஆனால் அந்த "போட்டோ எடுத்துட்டுப் போய்" இருக்கே... அதைத்தான் விட முடியவில்லை.

முதலில் போட்டோ. இருட்ட ஆரம்பித்ததும் இப்போதைய போன் கேமரா என்ன செய்கிறது? பல ஷாட்களை எடுத்து ஒன்றாக்கி, இருட்டை வெளுத்து, நிறத்தைத் தூக்கிக் கொடுக்கிறது. ஆறரை மணி நாலரை மணியாகி விடுகிறது! நம் கண் அப்படியில்லை. வெளிச்சம் குறையக் குறைய சிவப்பு முதலில் கறுக்கும். பச்சையும் நீலமும் இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். செம்பருத்திச் செடியை அந்தி நேரத்தில் பாருங்கள், பூ கறுப்பாகி இலை தெரியும். 19ஆம் நூற்றாண்டிலேயே செக் விஞ்ஞானி புர்கின்யே இதைக் கவனித்துவிட்டார். அந்தக் கறுத்த பூ போட்டோவில் வராது. உட்கார்ந்து பார்த்தால்தான் உண்டு.

அடுத்தது அளவு. சின்னது என்றால் மட்டமா? தாமஸ் ஜோன்ஸ் 1782ல் நேப்பிள்ஸில் ஒரு பழைய சுவரை வரைந்தார். ஏறக்குறைய 11 செ.மீ.க்கு 16 செ.மீ., அவ்வளவுதான். இன்று லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. பிரான்சின் வலான்சியென் 1800ல் எழுதிய புத்தகத்தில், சூரிய உதயமோ அஸ்தமனமோ வரைந்தால் அரை மணி நேரத்தைத் தாண்டாதே என்கிறார். ஏனென்றால் அதற்குள் வெளிச்சமே வேறாகிவிடும்.

அது பிரான்ஸ். மதுரையில் சூரியன் கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாக இறங்குகிறது. அது மறைந்த பிறகு வேலை செய்யும் அளவுக்கு வெளிச்சம் இருப்பது 20 முதல் 23 நிமிஷம். லண்டனில் ஜூன் மாதத்தில் 45 நிமிஷத்துக்கு மேல். பிகாம்காரன் கணக்கு சிம்பிள்: இருக்கிற நேரத்துக்குத் தக்க பேப்பர். பெரிய சார்ட்டில் வானத்தைப் பூசி முடிப்பதற்குள் மேலே இருக்கிற வானம் போயே போச்சு. வாட்டர் கலரும் அந்நேரத்தில் சீக்கிரம் காயாது. அதனால் நான் போஸ்டர் கலருக்கு மாறிவிட்டேன்.

நடுவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அரை இருட்டில் கலந்த நிறம் வீட்டு ட்யூப்லைட்டில் பல்லைக் காட்டும். என் முதல் பத்துப் படங்கள் சகிக்காது. பெரிய படமும் தப்பில்லை. மோனே 1890-91ல் வரைந்த வைக்கோல்போர் படங்களை வீட்டில் வைத்துத் திருத்தியிருக்கிறார். ஆனால் முதலில் வயலுக்குப் போனார் சார்!

"இதெல்லாம் எதுக்குடா, சிஏ இன்டர் பாஸ் பண்ற வழியைப் பாரு" என்பவர்களுக்கு ஒன்று. 2010ல் இதே யானைமலையைக் குடைந்து சிற்பப் பூங்கா ஆக்க ஒரு திட்டம் வந்தது. எதிர்த்து நின்றவர்கள் அந்த மலையடி ஊர்க்காரர்கள், தினமும் அதைப் பார்த்து வளர்ந்தவர்கள். நான் மூணு வருஷம் பஸ் ஜன்னல் வழியாக அதே மலையைத் தாண்டிப் போனவன். அதற்கு என்ன நிறம் என்று கேட்டிருந்தால் முழித்திருப்பேன். இப்போது ஆறு மணிக்கு என்ன நிறம், ஆறேகாலுக்கு என்ன நிறம் என்று சொல்வேன். நாளைக்கு யாராவது அதில் கை வைத்தால், எது போகிறது என்றும் தெரியும்.

அடுத்த வருஷமும் அதே போட்டிக்கு போஸ்ட் கார்டுதான் கொடுக்கப் போகிறேன். பின்பக்கம் தேதியும் மணியும் எழுதி. "முடியலையே" என்று அவர் திரும்பவும் சொன்னால், ஒரு நாள் சாயங்காலம் ஒத்தக்கடைக்குக் கூப்பிடுவேன். பிரஷ் நான் தருகிறேன், முடித்துக் காட்டட்டும் :-)