பீமன் வண்டி போகும் தெருக்கள்

காஞ்சிபுரத்தை அடுத்த கூரம் கிராமத்தில் கிடைத்த செப்பேடு, முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தியது, 7ஆம் நூற்றாண்டு. பரமேசுவரமங்கலம் என்ற ஊரைப் பங்கு பிரித்துக் கொடுத்த அரசு, கோயில் பூசைக்கும் பழுதுபார்ப்பதற்கும் ஒதுக்கியதோடு, மண்டபத்தில் பாரதம் வாசிப்பவருக்கும் ஒரு பங்கு வைத்தது. கதை சொல்கிறவருக்கு ஊர்தான் சோறு போட வேண்டும் என்று 1,300 ஆண்டுகளுக்கு முன்பே செம்பில் வெட்டிவைத்த வட்டாரம் இது.

அந்த வழக்கம் உருமாறி இன்னும் நடக்கிறது. உத்திரமேரூர் வட்டாரத்திலிருந்து செய்யாறு, வந்தவாசிப் பக்கம் வரை, பங்குனி பிறந்துவிட்டால் ஆடி முடியும்வரை ஏதாவது ஓர் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் அக்னி வசந்த விழா நடந்துகொண்டிருக்கும். பிற்பகலில் பிரசங்கியார் வில்லிபாரதத்தைப் பாடிப் பொருள் சொல்வார். இரவு பத்து மணிக்குமேல் கூத்து. முகவீணையும் ஆர்மோனியமும் மிருதங்கமும் விடியும்வரை ஓயாது.

இந்த விழா ஊரைச் சேர்க்கிறது என்று பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். எப்படிச் சேர்க்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். பக்தி ஒரு காரணம். கூட்டாக உட்கார்ந்து கதை கேட்பது இன்னொன்று. ஆனால், இரண்டையும்விட வலுவானது, இந்தக் கதை ஆளாளுக்கு வேலை கொடுத்துவிடுகிறது என்பது.

பகாசூரன் கதை நடக்கும் நாளில் பீமன் வேடக்காரர் மாட்டு வண்டியில் ஏறித் தெருத்தெருவாக வருகிறார். வீட்டுக்கு வீடு சோறும் குழம்பும் பலகாரமும் கொண்டுவந்து வண்டியில் வைக்கிறார்கள். அசுரனுக்குப் போகும் உணவு அது; வண்டி நிறைய வேண்டுமென்றால் ஊரே சமைத்தாக வேண்டும். அர்ச்சுனன் தபசு அன்று நெட்டையாக ஒரு மரம் நட்டு, அர்ச்சுனன் வேடக்காரர் பாடிக்கொண்டே படிப்படியாக ஏறுவார். குழந்தை வரம் வேண்டி நிற்கும் பெண்கள் கீழே காத்திருப்பார்கள். மேலிருந்து விழும் எலுமிச்சம்பழத்தை முந்தானையில் பிடித்த பெண்ணைச் சுற்றி, அதுவரை பேசியே இராத அக்கம்பக்கத்தாரும் கூடிவிடுவார்கள்.

பதினெட்டாம் போர் அன்று படுகளம். களத்து மண்ணைக் குழைத்து, மல்லாந்து கிடக்கும் துரியோதனனைப் பல அடி நீளத்துக்கு உருவாக்கி, வண்ணம் பூசி, மீசை வைத்திருப்பார்கள். வெயில் ஏறும் நேரத்தில் பீமன் அந்தத் தொடையைப் பிளக்க, உள்ளே வைத்த சிவப்பு நீர் பீறிட, திரௌபதியின் கூந்தல் முடியப்படுகிறது. கூட்டம் கலையும்போது அந்த மண்ணைப் பிடி பிடியாக அள்ளி வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள். மாலையில் தீமிதி.

முன்னோர்களும் இந்தக் கதைக்குள் வந்துவிடுகிறார்கள். வட மாவட்டங்களில் கருமாதிக்குக் கர்ண மோட்சம் கூத்து வைக்கும் வழக்கம் உண்டு. அப்பனை இழந்த மகன் விடிய விடிய உட்கார்ந்து கர்ணன் சாவதைப் பார்க்கிறான். தனியே அழ வேண்டியவனோடு ஊரும் சேர்ந்து அழுகிறது. ஆறுதல் என்பதை இதைவிடச் செம்மையாக ஏற்பாடு செய்ய எவராலும் முடியாது.

இந்தக் கதையைத் தமிழர்கள் கடல் தாண்டியும் கொண்டுபோனார்கள். இலங்கையின் பாண்டிருப்பிலும் உடப்பிலும் திரௌபதி அம்மன் இருக்கிறாள். சிங்கப்பூர் ஸ்ரீ மாரியம்மன் கோயில் தீமிதியும் அவளுக்கானதுதான். போன இடத்தில் ஓர் ஊரை உண்டாக்கிக்கொள்ள அவர்களுக்கு இந்த விழா உதவியது.

ஆனால், வண்டி எல்லாத் தெருவுக்கும் போகிறதா? விழுப்புரம் மாவட்டம் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலுக்குள் 2023 ஏப்ரலில் பட்டியல் சாதியினர் நுழைந்ததற்காகத் தாக்கப்பட்டார்கள். ஜூனில் கோயிலுக்கே சீல் வைக்கப்பட்டது. உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பின் 2024 மார்ச்சில் கதவு திறந்தது. அவர்கள் உள்ளே சென்று கும்பிட 2025 ஏப்ரல் ஆயிற்று, அதுவும் போலீஸ் பாதுகாப்போடு. சபையில் மானம் பறிக்கப்பட்டு நியாயம் கேட்டவளின் வாசலில் இது நடந்தது. பாரதத்தைப் பிரசங்கம் கேட்டே வளர்ந்தவர்களுக்கு இது உறைக்க வேண்டும்.

மேல்பாதி தலைப்புச் செய்தி ஆனது. ஆகாத ஊர்கள் பல. அங்கெல்லாம் சண்டை கிடையாது. விழாவுக்குத் தலைக்கட்டு வரி வசூலிக்கும்போது காலனி வீடுகளை விட்டுவிடுவார்கள், அவ்வளவுதான். வரி வாங்காத வீட்டுக்கு விழாவில் உரிமையும் இல்லை. ஊர் என்றாலே ஒரு பட்டியல் என்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 919, 921ஆம் ஆண்டுகளின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைக் குடவோலைக்காகப் பெருமையோடு காட்டுகிறோம். நிலமும் வேதக் கல்வியும் உள்ளவர்களின் பெயர் மட்டுமே அந்தக் குடத்துக்குள் போனது என்பதும் அதே கல்லில்தான் இருக்கிறது.

இப்படி ஒதுக்கிவைக்கும் வழக்கத்தை மாற்ற முடியாது என்பதற்கில்லை. புஞ்சரசந்தாங்கலில் பெருங்கட்டூர் ராஜகோபாலும் ஹன்னே எம். டி புருயினும் 2002இல் தொடங்கிய கட்டைக்கூத்து குருகுலம், ஆண்களே ஆடிவந்த கூத்தைப் பெண் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்தது, பள்ளிப் பாடத்தோடு சேர்த்தே. கிரீடமும் புஜக்கட்டையும் பூண்டு பெண்கள் வீர வேடம் கட்டினார்கள். விடிய விடிய ஆடினார்கள். 2020இல் குருகுலம் மூடப்பட்டது. அதே ஆண்டு மார்ச் ஊரடங்கில் விழாக்கள் நின்றுபோக, ஒரு பருவ வருமானத்தை நம்பியிருந்த கூத்துக் கலைஞர்கள் தவித்ததை இந்த வட்டாரம் கண்டது.

அரசு விழா மேடைகளில் கூத்துக்கு அரை மணி நேரம் கொடுத்தால் கலை பிழைத்துவிடும் என்ற எண்ணம் தவறு. பீமனுக்கு வண்டியும் தெருவும் வேண்டும். உதவி செய்வதென்றால் பிரசங்கியாருக்கும் கூத்துக் குழுவுக்கும் ஊர் விழாவிலேயே கூலி உயர வழிசெய்ய வேண்டும். எல்லாத் தெருக்களும் சேர்ந்து நடத்தும் விழாவுக்கு அந்த உதவி முதலில் போக வேண்டும். மற்றதை ஊர்க்கூட்டம் செய்யலாம். தையிலோ மாசியிலோ கூடி வரிப் பட்டியல் எழுதும்போது காலனித் தலைக்கட்டுகளையும் அதில் சேர்த்து, அதே தொகையை வாங்கி, காப்புக் கட்டும் நாளில் அவர்களில் ஒருவர் கையிலும் காப்புக் கட்டட்டும்.