புகழ்பெற்ற முன்னாள் மாணவர்கள்: சாக்கு மேல தூவின எட்டு எம்.எம். காய்

முதல்ல ஒரு சின்னக் கணக்கு.

அப்துல் கலாம் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படிச்சு முடிச்சு டெல்லியில் வேலைக்குச் சேர்ந்தது 1958. அண்ணா பல்கலைக்கழகம் பிறந்தது 1978. நடுவுல முழுசா இருபது வருஷம். 1958-ல் அந்தப் பல்கலைக்கழகம் கிடையாதுங்கிறது இருக்கட்டும், அண்ணாவே அப்போ முதலமைச்சர் ஆகலைங்க. அது 1967. பல்கலைக்கழகம் பிறந்தப்போ கலாம் எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டுக்குத் திட்ட இயக்குநர். ஆனா "அண்ணா பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற முன்னாள் மாணவர்கள்"னு யார் பட்டியல் போட்டாலும் முதல் வரிசையில அவர்தான் உட்கார்ந்திருப்பார்.

"எம்.ஐ.டி.யை 1978-ல் சேர்த்துக்கிட்டாங்களே, அப்போ அதோட பழைய மாணவர்களும் சேர்த்திதானே?"ன்னு கேட்பீங்க. சரி, ஒத்துக்கறேன். வாரிசுக்குச் சொத்து போய்ச் சேரணும், நியாயம்தான். 2001-ல் கலாம் அங்கே பேராசிரியரா இருந்ததும் உண்மை. அதையும் தாராளமா சொல்லிக்கட்டும். என் சண்டை வேற. பிறக்கறதுக்கு இருபது வருஷம் முன்னாடி படிச்சவரை "நம்ம பையன்"னு கொண்டாடுற இடத்தில், இன்னைக்கு அதே பேர்ல பரீட்சை எழுதுற புள்ளைங்களுக்கு என்ன மரியாதை?

போடிநாயக்கனூர் பக்கம் மேலச்சொக்கநாதபுரத்தில் ஓர் அரசு பொறியியல் கல்லூரி இருக்கு. 2012-ல் ஆரம்பிச்சது. பாடத்திட்டம் அண்ணா யுனிவர்சிட்டி. கேள்வித்தாள் அண்ணா யுனிவர்சிட்டி. அரியர் வச்சா கட்டுற ஃபீஸ் போறதும் அங்கேதான். கடைசியில பட்டச் சான்றிதழில் இருக்கற முத்திரையும் அதேதான். தமிழ்நாடு முழுக்க இப்படி நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள். ஆனா அங்கே படிச்ச பையன் வேலை தேடிப் போய் "அண்ணா யுனிவர்சிட்டி"ன்னு சொன்னா, அடுத்து என்ன கேட்பாங்கன்னு எங்க துறையில எல்லாருக்கும் தெரியும்.

"கேம்பஸா? அஃபிலியேட்டடா?"

அஃபிலியேட்டட்னு சொன்னதும் எதிர்ல இருந்து ஒரு "ஓ..." வரும் பாருங்க, அந்த ஒரு எழுத்துக்கு நாலு வருஷப் படிப்பும் கல்விக்கடனும் பதில் சொல்லணும்.

இதுல இன்னொரு கூத்தும் உண்டு. 2007-ல் இந்தப் பல்கலைக்கழகத்தை உடைச்சு கோவை, திருச்சி, திருநெல்வேலின்னு தனித்தனியா ஆக்கினாங்க. 2010-ல் மதுரை. 2012-ல் எல்லாத்தையும் மறுபடி ஒட்ட வச்சாச்சு. நடுவுல பட்டம் வாங்கினவங்க கையில இருக்கறது இப்போ இல்லாத ஒரு பல்கலைக்கழகத்தோட சான்றிதழ். அவங்களுக்கு யாருங்க பட்டியல் போடுவா?

சரி, அண்ணா பல்கலைக்கழகத்தை மட்டும் ஏன் திட்டணும், பெரிய வீட்டையும் பார்த்துடுவோம். சென்னைப் பல்கலைக்கழகம், 1857. சர் சி.வி.ராமன், சந்திரசேகர்னு ரெண்டு நோபல் பரிசுக்காரங்க பேரைச் சொல்லலாம். ரெண்டு பேரும் மாநிலக் கல்லூரி மாணவர்கள், பட்டம் சென்னைப் பல்கலைக்கழகத்தோடது, மறுக்க ஒண்ணும் இல்லை. ஆனா ராமானுஜன் பேரையும் அதே மூச்சுல சேர்த்துச் சொல்லும்போதுதான் இடிக்குது. கும்பகோணத்தில் கணக்கைத் தவிர மத்த பாடங்களில் கோட்டை விட்டு உதவித்தொகையை இழந்தார். பச்சையப்பன் கல்லூரிக்கு வந்து எஃப்.ஏ. எழுதி 1906-ல் ஃபெயில். 1907-ல் மறுபடியும் ஃபெயில். பட்டமே கொடுக்காம வெளியே அனுப்பின பையன் அவர்!

ஆனா அதே பல்கலைக்கழகம் 1913-ல் ஒரு காரியம் பண்ணுச்சு. துறைமுகத்தில் முப்பது ரூபாய் சம்பளத்துக்கு கணக்கெழுதிட்டு இருந்த, டிகிரி இல்லாத அந்த ஆளுக்கு, விதியை வளைச்சு மாசம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தாங்க. ஃபெயிலாக்கின கையாலேயே பணம் கொடுத்தாங்க. பெருமை அடிச்சுக்கணும்னா அந்த 75 ரூபாய்க்கு அடிச்சுக்கலாம், நானும் கை தட்டுறேன். ஏன்னா அது பல்கலைக்கழகம் செஞ்ச காரியம். ராமானுஜனோட மூளை அவர் கொண்டு வந்தது.

இந்த வித்தியாசம்தான் எந்தப் பட்டியலிலும் வர்றதில்லை. அவர் என்ன சாதிச்சார்னு இருக்கும். அவருக்கு நீ என்ன செஞ்சேன்னு இருக்காது.

உரிமை கொண்டாடுற வியாதி எவ்வளவு முத்திப் போச்சுன்னு 2009-ல் பார்த்தோம். வெங்கி ராமகிருஷ்ணனுக்கு வேதியியல் நோபல் கிடைச்சது. பிறந்த ஊர் சிதம்பரம், போதாதா? அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அவருக்குப் பாடம் நடத்தினேன்னு சொல்லிக்கிட்டு ஆள் வந்துட்டாங்க. மனுஷன் நொந்து போய், நான் அங்கே படிக்கவே இல்லை, மூணு வயசுலயே சிதம்பரத்தை விட்டுப் போயிட்டேன்னு விளக்கம் சொல்ல வேண்டியதா போச்சு. அவர் பி.எஸ்சி. படிச்சது பரோடாவில். மூணு வயசுக் குழந்தைக்கு யாருங்க பாடம் நடத்தினது?

இதுக்கெல்லாம் உலக அளவிலும் தீனி போடுறாங்க. ஷாங்காய் தரவரிசைன்னு ஒண்ணு இருக்கு. அதுல பத்து சதவீத மதிப்பெண், முன்னாள் மாணவர்கள் வாங்கின நோபலுக்கும் ஃபீல்ட்ஸ் பதக்கத்துக்கும். ஒரே ஒரு ஆள் ஜெயிச்சா போதும், மத்த லட்சம் பேர் என்ன ஆனாங்கன்னு அந்தக் கட்டத்தில் கேள்வியே கிடையாது. நாங்க சாஃப்ட்வேர்ல ஒரு சிஸ்டம் எப்படி ஓடுதுன்னு கேட்டா, ரொம்ப வேகமா ஓடின ஒரே ஒரு ரெக்வெஸ்ட்டைக் காட்டினா மேனேஜர் சிரிப்பார். இங்கே அதைத்தான் ஃபிரேம் போட்டு மாட்டுறாங்க.

போடிக்காரங்களுக்கு இதை இன்னும் சுலபமா சொல்லலாம். ஏலக்காய் ஊர் இது. ஸ்டோர்ல உலர்த்தி, உரசி, சல்லடையில பிரிச்சு வந்த காயில எட்டு எம்.எம். காய்தான் ராஜா. பச்சையா, உருண்டையா, கண்ணுக்கு அழகா இருக்கும். அதுக்காக எட்டு எம்.எம். காயை ஒரு பிடி சாக்கு மேல தூவி வச்சா எந்த வியாபாரியும் விலை போட்டுட மாட்டார். சாம்பிளை அள்ளிக் கொட்டிப் பார்ப்பார், லிட்டர் வெயிட் என்னன்னு கேட்பார். அதாவது மொத்தச் சாக்கும் எப்படி இருக்குன்னு கேட்பார். ஏலக்காய் வாங்குறவருக்கு இருக்கற இந்த விவரம், புள்ளையைக் காலேஜ்ல சேர்க்கிற நமக்கு ஏன் இல்லை?

போடியில சி.பி.ஏ. காலேஜ் இருக்கே, ஏல விவசாயிகள் சங்கக் கல்லூரி, அது மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தோட இணைந்தது. அந்தப் பல்கலைக்கழகம் 1966-ல் ஆரம்பிச்சது. போடியில இருந்து உசிலம்பட்டி வழியா மதுரைக்குப் போற பஸ் பல்கலை நகர் வாசலைத் தாண்டித்தான் போகும். நிறையப் பேருக்குத் தான் படிச்ச பல்கலைக்கழகம்னா அந்த பஸ் ஜன்னலில் தெரியுற வாசல்தான். மார்க் ஷீட்டில் தப்பு இருந்தாத்தான் உள்ளே போற வேலை.

அந்தப் பிள்ளைங்க எங்கே இருந்து வர்றாங்க? விடியறதுக்கு முன்னாடி தூக்குச்சட்டியோட ஜீப்புல நெருக்கியடிச்சு போடிமெட்டு ஏறி, இடுக்கிப் பக்கம் எஸ்டேட்ல காய் எடுத்துட்டு இருட்டினப்புறம் வீடு திரும்புற அம்மாக்களோட வீட்டில் இருந்தும் வர்றாங்க. அந்த வீட்டில் ஒரு பொண்ணு பி.எஸ்சி. முடிச்சா, அது அந்தப் பரம்பரையிலேயே முதல் டிகிரி. இது புகழ் இல்லையா? இந்தப் பொண்ணு "புகழ்பெற்ற முன்னாள் மாணவி" ஆகணும்னா இன்னும் என்னங்க பண்ணணும், ராக்கெட் விடணுமா?

"பசங்களுக்கு ஒரு முன்மாதிரி வேண்டாமா, கலாம் படத்தைப் பார்த்துத்தானே படிக்கிறாங்க"ன்னு ஒரு வாதம் வரும். நல்ல வாதம்தான். அப்போ கதையை முழுசா சொல்லுங்க. எம்.ஐ.டி.யில் சேர சுமார் ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. அவங்க அக்கா ஜொஹரா தன்னோட தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வச்சுக் கொடுத்தாங்க. கலாமே இதை எழுதியிருக்கார். பட்டியல்ல ஜொஹரா எங்கே? நகையை அடகு வச்சுப் படிக்க வைக்கிற குடும்பம் இன்னைக்கும் போடியில தெருவுக்கு நாலு இருக்கு. படத்தை மட்டும் மாட்டிட்டு வளையலை மறைச்சா, "திறமை இருந்தா தானா மேல வரலாம்"னு ஒரு பொய்யைத்தான் பசங்களுக்குக் கத்துக் கொடுக்கறோம். மேல வராதவன் திறமையில்லாதவன்னு அவனையே நம்ப வைக்கிறோம். அந்த "ஓ..." பிறக்கறது இங்கேதான்.

இன்னொரு பக்கம் பாருங்க. இதே மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் 2023, 2024-ல் சம்பளத்துக்கும் பென்ஷனுக்கும் பணமில்லாம ஊழியர்கள் போராடினாங்க. எத்தனை புகழ்பெற்ற பெயர் இருந்தாலும் அந்த மாசச் சம்பளத்தைக் கட்ட உதவாது. தாலுகா தாலுகாவா இருக்கற கல்லூரிகளைக் காட்டி, "இந்தப் பிள்ளைங்களுக்கு நாங்கதான் இருக்கோம், எங்களை மூட விடாதீங்க"ன்னு சொல்லியிருந்தா அதுல ஒரு பலம் இருந்திருக்கும்.

திட்டிட்டு மட்டும் போகலை, ஒரு யோசனையும் சொல்றேன். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் இணைப்புக் கல்லூரி வாரியா நாலே நாலு எண் வெளியிடட்டும். எத்தனை பேர் சேர்ந்தாங்க, எத்தனை பேர் உரிய காலத்தில் முடிச்சாங்க, அதுல எத்தனை பேர் வீட்டுக்கு முதல் பட்டதாரி, அஞ்சு வருஷம் கழிச்சு எத்தனை பேருக்கு நிலையான வேலை. முதல் ரெண்டும் தேர்வுத் துறை கையிலேயே இருக்கு. மூணாவது எண்ணுக்கும் வழி உண்டு. பொறியியல் மாதிரி தொழிற்படிப்புகளுக்கு 2010-ல் இருந்து முதல் பட்டதாரி சலுகை இருக்கு, அதுக்கான சான்றிதழை வருவாய்த் துறைதான் கொடுக்குது. ரெண்டு டேபிளை ஜாயின் பண்ணுற வேலைங்க, கேட்டா நானே சனிக்கிழமை உட்கார்ந்து எழுதித் தர்றேன். நாலாவதுக்குத்தான் கொஞ்சம் உழைக்கணும், அதுவும் ஆளுக்கு ஒரு போன் கால்தான்.

உண்மையான புகழ்பெற்ற முன்னாள் மாணவர் பட்டியலில் ஒரு பகுதி போடி தாலுகா ஆபீஸ் பதிவேட்டிலேயே இருக்கு. அதைப் படிக்கத்தான் எந்தத் துணைவேந்தருக்கும் தோணலை.

டிஸ்கி: கலாம் மேல எனக்கு ஒரு கோபமும் இல்லை, அளவு கடந்த மரியாதை உண்டு. அவர் பேரைச் சொல்லி அட்மிஷன் நடத்துறவங்க மேலதான் எல்லாம். :)