சாரதியை மறைக்கும் வண்டி

கற்பிட்டியிலிருந்து பாலாவிக்குச் செல்லும் வீதியை விடியற்காலையில் ஒருமுறை பார்த்தவர்களுக்கு நாம் கூற வருவது எளிதில் விளங்கும். ஒரு புறம் களப்பும் மறுபுறம் கடலும் கிடக்க, நடுவே மணற்றரையில் நீளும் வீதி அது. மீன்பெட்டி கட்டிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒருவர் குறுக்கே கடப்பார். வெங்காயத் தோட்டத்துக்குச் செல்லும் பெண்கள் ஓரமாக நடப்பர். கழுதைகள் நடுவீதியில் நின்று நகர மறுக்கும். லொறிச் சாரதி வேகத்தைக் குறைப்பார், எதிரே வருபவரின் முகத்தைப் பார்ப்பார், கையசைத்து வழிவிடுவார். இவ்வளவும் சேர்ந்ததே அங்கு வண்டி ஓட்டுதல்.

இவ்வேலை முழுவதையும் இனி இயந்திரமே செய்துவிடும் என்று உலகெங்கும் விளம்பரம் செய்கிறார்கள். 2020இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025இல் நம் நாட்டில் மீண்டும் தொடங்கிவிட்டது. கார்கள் வரும் கப்பலிலேயே வாக்குறுதிகளும் வரும். ஆதலால் அவற்றின் வரலாற்றை அறிந்துகொள்வது நம் கடமை.

தான் தயாரிக்கும் ஒவ்வொரு காரிலும் முழுமையாகத் தானே ஓடுவதற்கு வேண்டிய கருவிகள் உண்டென 2016 ஒக்டோபரில் டெஸ்லா கம்பனி அறிவித்தது. 2017 முடியுமுன் அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குக் கைபடாமல் கார் ஓடும் என்றார் அதன் தலைவர் எலோன் மஸ்க். ஓடவில்லை. அடுத்த ஆண்டில் பத்து இலட்சம் சாரதியற்ற டாக்சிகள் வீதியில் இருக்கும் என்றார் 2019இல். 2020 வந்து போயிற்று, டாக்சிகள் வரவில்லை. 2023 டிசம்பரில் ஏறத்தாழ 20 இலட்சம் கார்களின் மென்பொருளை அக்கம்பனி திருத்த நேர்ந்தது. சாரதி கவனமாய் இருக்கிறாரா என்று பார்க்கும் ஏற்பாடு அவற்றில் போதாதென அரசின் வீதிப் பாதுகாப்பு நிறுவனம் கண்டிருந்தது. 2024இல் ‘முழுத் தானோட்டம்’ என்னும் பெயரின் வாலில் ‘மேற்பார்வையுடன்’ என்றொரு சொல் ஒட்டப்பட்டது. மேற்பார்வை வேண்டுமாயின் அது முழுமை ஆவதெங்ஙனம்?

பொய்த்த வாக்குறுதி ஒரு புறம் இருக்கட்டும். மறைக்கப்பட்ட உழைப்பைப் பாருங்கள். சான் பிரான்சிஸ்கோவில் சாரதியற்ற டாக்சி ஓட்டிய குறூஸ் கம்பனியில், ஒவ்வொரு காருக்கும் பின்னணியில் சராசரி ஒன்றரைத் தொழிலாளர் இருந்ததாக 2023 நவம்பரில் ‘நியூயோர்க் டைம்ஸ்’ எழுதியது. ஒருவரை நீக்கிவிட்டோம் என்று மார்தட்டியவர்கள் ஒன்றரைப் பேரை அறைக்குள் ஒளித்து வைத்திருந்தனர்! இது மனிதன், இது மரம், இது சைக்கிள் என்று இலட்சக்கணக்கான படங்களில் அடையாளமிட்டு இயந்திரத்துக்குக் கற்பிப்பவர்களோ கென்யாவிலும் பிலிப்பைன்ஸிலும் வெனிசுவேலாவிலும் இந்தியாவிலும் சொற்பக் கூலிக்கு உழைப்பவர்கள். விளம்பரப் படத்தில் அவர்களுக்கு இடமில்லை.

இலாபம் வரும்போது மறையும் தொழிலாளி, குற்றம் வரும்போது மட்டும் வெளிச்சத்துக்கு இழுக்கப்படுகிறான். 2018 மார்ச் 18 இரவு, அரிசோனா மாநிலத்தின் டெம்பி நகரில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீதியைக் கடந்த பெண்ணொருவரை ஊபர் கம்பனியின் பரிசோதனைக் கார் மோதிக் கொன்றது. பாதசாரிக் கடவைக்கு வெளியே மனிதர் வீதியைக் கடப்பர் என்பதே அந்த இயந்திரத்தின் கணக்கில் இல்லை என்று விசாரணையில் தெரியவந்தது. கம்பனி மீது குற்றவியல் வழக்கு இல்லை என்று 2019இல் முடிவாயிற்று. 2023இல் தண்டனை பெற்றவர், காரில் இருந்த கூலிப் பணியாளர். அவர் சாலையைக் கவனிக்கத் தவறியது உண்மையே. ஆனால் தவறிய இயந்திரத்தை வீதிக்கு அனுப்பியவர்களின் தவறு எந்தக் கணக்கில் எழுதப்பட்டது?

கற்பிட்டி வீதியில் சைக்கிள் தள்ளும் அந்த மீன்வியாபாரியை மறுபடி நினைத்துப் பாருங்கள். அவர் கடக்கும் இடத்தில் கடவை ஏது?

விபத்துகளில் நூற்றுக்கு 94 மனிதத் தவறால் நேர்பவை என்பது இவர்களின் மந்திரம். 2015இல் அவ்வெண்ணை வெளியிட்ட அமெரிக்க அரச அறிக்கையே, இதை விபத்தின் காரணமெனக் கொள்ளலாகாது என்று எச்சரித்திருந்தது. விளக்கில்லா வீதியும், நடைபாதையில்லா ஓரமும், உறக்கமின்றி ஓட்டவைக்கும் முதலாளியின் கட்டளையும் ‘மனிதத் தவறு’ என்ற ஒரே சொல்லில் புதைக்கப்படுகின்றன.

நாம் இயந்திரத்தின் பகைவரல்லர். வேமோ கம்பனியின் கார்கள் 2020 முதல் ஃபீனிக்ஸ் நகரப் பகுதியில் சாரதியின்றிப் பயணிகளை ஏற்றி வருகின்றன. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அவை நுணுகி அளந்து வரைந்த எல்லைக்குள் ஓடுபவை. அந்த எல்லையை மறைத்து விற்பதே மோசடி. மனித உயிரைக் காக்கும் கருவி எதுவாயினும் வரவேற்போம். அதன் எல்லை எது, பின்னணியில் உழைப்பவர் யார், அவருக்குக் கூலி என்ன, விபத்து நேர்ந்தால் பொறுப்பு யாருடையது என்னும் நான்கு கேள்விகளுக்கும் விடை கிடைத்த பின்னரே வரவேற்போம்.

ஆசிரியர்களே, மாணவர்களே! விளம்பரத்தையும் ஒரு பாடமாக எடுத்து வகுப்பறையில் வாசியுங்கள். வண்டி தானே ஓடுகிறது என்று எவர் சொன்னாலும், அதை ஓட்டுபவர் யார் என்று கேளுங்கள்.