தண்ணி அடிக்கிற தொழிலில் என்ன ரகசியம்?

தலைப்பைப் பார்த்துவிட்டு, "ரிட்டயர் ஆனதும் சார் இப்படி ஆயிட்டாரே" என்று யாரும் கவலைப்பட வேண்டாம். நான் சொல்ல வந்தது பிரஷர் வாஷர் தொழிலைப் பற்றி. பைக், கார், டிராக்டருக்கு வாட்டர் சர்வீஸ், மொட்டைமாடியில் பாசி எடுப்பது, பெயின்ட் அடிக்கும் முன் சுவரைக் கழுவுவது, கோயில் திருப்பணியில் கல்லுக்கு வாட்டர் வாஷ் கொடுப்பது எல்லாம் இதில் சேரும். கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர்களில் எனக்குத் தெரிந்து மூன்று பேர் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். ஒருவன் தஞ்சாவூர் பைபாஸ் ஓரத்தில் வாட்டர் சர்வீஸ் வைத்திருக்கிறான். ஒருவன் பட்டுக்கோட்டைப் பக்கம் வீடுகளுக்குப் போய் மாடியும் சுவரும் கழுவித் தருகிறான். இன்னொருவன் கும்பகோணம் வட்டாரத்தில் கோயில் வேலை எடுக்கும் ஒப்பந்தக்காரரிடம் இருக்கிறான். மூவரும் ஒரே வகுப்பு. ஒருவன் சிலேட்டுக்குச்சி உடைந்தால் அடுத்தவன் பாதி கொடுப்பான். இன்றைக்கு எந்த வேலைக்கு எந்த நாசில் என்று கேட்டால் ஒருவனுக்கு ஒருவன் வாயைத் திறப்பதில்லை. "அதெல்லாம் அனுபவத்துல வரும்டான்னு மழுப்புறான் சார்" என்று போன மாதம் ஒருவன் போனில் புலம்பினான். புலம்பியவனும் மற்றவனுக்குச் சொல்பவன் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

இந்தத் தொழிலில் "அனுபவத்துல வரும்" என்று விடக்கூடாது என்பதுதான் என் கருத்து. அந்த அனுபவம் யாருடைய விரலில் வருகிறது, யார் வீட்டுச் சுவரில் வருகிறது, எத்தனை நூறு வருஷக் கல்லில் வருகிறது என்று பார்க்க வேண்டும்.

நான் இன்ஜினியர் இல்லை. ஆசிரியர் பயிற்சி முடித்து வந்த சாதாரண வாத்தியார். ஆனாலும் அழுத்தம் என்ற பாடம் பள்ளிக்கூடத்துப் பாடம்தானே? மெஷினில் 100 பார் என்று போட்டிருந்தால் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 100 கிலோ என்று பொருள். கொள்முதல் நிலையத்தில் பிடிக்கிறார்களே 40 கிலோ நெல் மூட்டை, அதில் இரண்டரை மூட்டையை உங்கள் சுண்டுவிரல் நகம் அளவு இடத்தில் இறக்கி வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். நாசில் வாயில் தண்ணீர் அந்த வேகத்தில்தான் வெளியே வருகிறது. தண்ணீர்தானே என்று அதற்கு முன்னால் கையைக் காட்டினால் ஊசி போலத் தோலுக்குள் இறங்கிவிடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், ரத்தம்கூட அதிகம் வராது. பையன்கள் துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைத் தொடர்வார்கள். உள்ளே தண்ணீரும் அழுக்கும் சோப்பும் சதைக்குள் பரவியிருக்கும். தாமதித்தால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், "பிரஷர் தண்ணி உள்ளே போயிருக்கு" என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இதை ஒருவன் மற்றவனுக்குச் சொன்னால் எந்த வாடிக்கையாளர் கைவிட்டுப் போவார்?

நாசில் விஷயமும் அப்படித்தான். பெரும்பாலான மெஷின்களில் நிறத்தை வைத்தே தெரிந்துகொள்ளலாம். சிவப்பு 0 டிகிரி, ஒரே கோடாகப் பாயும். மஞ்சள் 15, பச்சை 25, வெள்ளை 40. கறுப்பு சோப்புத் தண்ணீருக்கு, அழுத்தம் மிகக் குறைவு. சிவப்பை எடுத்து வீட்டுச் சுவரில் காட்டினால் பாசியோடு பூச்சும் பெயர்ந்து வரும். அதே மெஷினில் வெள்ளையைப் போட்டு, இரண்டு சாண் தள்ளிப் பிடித்தால் சுவருக்கு ஒன்றும் ஆகாது. டயரின் பக்கவாட்டில் ஒட்டிப் பிடித்தாலும் உள்நூல் கெடும். ரேடியேட்டர் தகடு மடங்கும். சக்கர பேரிங்கில் உள்ள கிரீஸ் கரைந்து போகும். வண்டி பளபளவென்று வெளியே போகும், பிறகுதான் சத்தம் கேட்க ஆரம்பிக்கும். அப்போது வண்டிக்காரர் மெக்கானிக்கைத்தான் திட்டுவார்.

உயிர் சம்பந்தப்பட்ட இன்னும் மூன்றைச் சொல்லிவிடுகிறேன். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று கரண்ட் மெஷினை ஓட்டுகிறவர்கள், அந்த லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாமல் சுவிட்சைத் தொடக்கூடாது. கரண்ட் இல்லை என்று பெட்ரோல் மெஷினை மூடிய ஷெட்டுக்குள் ஓட்டக்கூடாது, அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைச் சாய்த்துவிடும். மூன்றாவதுதான் நம் ஊரில் அதிகம் நடப்பது. பாசிக்கு பிளீச்சிங் பவுடரைப் போட்டுவிட்டு, கறை போகவில்லை என்று அதன்மேலேயே ஆசிட்டை ஊற்றுகிறார்கள். அதிலிருந்து கிளம்புவது குளோரின் வாயு. முதல் உலகப் போரில் எதிரிகள்மேல் விட்ட அதே வாயு. பாத்ரூம் மாதிரிச் சின்ன இடத்தில் இது நடந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. வீட்டில் இருக்கும் பெண்பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

இனி கல்லுக்கு வருகிறேன். இது எனக்கு மனசு ஆறாத விஷயம்.

நம் டெல்டாவில் மலை கிடையாது, பாறை கிடையாது. தோண்டினால் வண்டலும் களிமண்ணும்தான். இங்கே நிற்கும் ஒவ்வொரு கருங்கல்லும் வெளியிலிருந்து சுமந்து வந்தது. அப்படிச் சுமந்து வந்து, 1010ஆம் ஆண்டில் பெரிய கோயிலை முடித்த ராஜராஜன், தான் கொடுத்தது மட்டுமில்லாமல் அக்கா கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொன்னான். தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருடைய பெயர் அங்கே இருக்கிறது. தச்சர், கன்னார், தையற்காரர், நாவிதர் என்று வேலை செய்தவர்களுக்கு உரிய பங்கும் இருக்கிறது. கணக்கை ரகசியமாக வைக்காமல் சுவரில் எழுதி வைத்த ஊர் இது.

அப்படிப்பட்ட சுவர்களில் நம் காலத்தில் என்ன செய்தோம்? திருப்பணி என்ற பெயரில் தமிழ்நாடு முழுக்க எத்தனையோ கோயில்களில் மணல் வீச்சு நடந்தது. கம்ப்ரசரில் மணலை வைத்துக் கல்மேல் அடிப்பது. எண்ணெய்ப் பிசுக்கும் சுண்ணாம்பும் போய்க் கல் புதிதாகத் தெரியும். எல்லாரும் மகிழ்ந்தார்கள். ஆற்று மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ். கருங்கல்லிலோ குவார்ட்ஸோடு ஃபெல்ட்ஸ்பாரும் மைக்காவும் கலந்திருக்கும், அவை இரண்டும் குவார்ட்ஸை விட மென்மையானவை. மணல் பட்டால் முதலில் அவை உதிரும். கல்வெட்டு எழுத்தின் ஓரம் மழுங்கும், சிற்பத்தின் மூக்கும் விரலும் தேயும். மேல்தோல் போன கல் சொரசொரப்பாகி, முன்பைவிட வேகமாக அழுக்குப் பிடிக்கும். அடித்த தொழிலாளிக்கோ நுரையீரலில் மணல் தூசி சேர்ந்து சிலிகோசிஸ் வரும் அபாயம். அறநிலையத் துறையே பிறகு மணல் வீச்சு கூடாது என்றது. கோயில் பாதுகாப்பைப் பற்றி 2015இல் தி இந்து நாளிதழில் வந்த ஒரு வாசகர் கடிதத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. 2021 ஜூன் 7 அன்று 75 உத்தரவுகளோடு தீர்ப்பு வந்தது. அதற்குள் போனது போனதுதான்.

செய்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஓர் ஊரில் செய்தார்கள், பளிச்சென்று இருந்தது, பக்கத்து ஊர் கமிட்டி எங்களுக்கும் அதுபோலவே வேண்டும் என்றது. செய்முறை ஊருக்கு ஊர் ஓடியது. ஐந்தாறு வருஷம் கழித்து அந்தக் கல் என்ன ஆனது என்ற சேதி மட்டும் ஓடவில்லை. நம் ஆட்கள் வேலை முடிந்த அன்று எடுத்த போட்டோவை எல்லா குரூப்பிலும் போடுகிறார்கள். கெட்டுப்போன வேலையை யாராவது போடுகிறார்களா?

இப்போது மணல் போய் வாட்டர் வாஷ் வந்திருக்கிறது. மணலைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் தண்ணீரும் அளவு தெரியாமல் அடித்தால் அரிக்கும். நம் பக்கத்துக் கோயில்களில் பெரும்பாலும் கீழே கருங்கல், மேலே விமானமும் கோபுரமும் செங்கல்லும் சுதையும். ஒரே கட்டடத்துக்கு இரண்டு விதமான கை வேண்டும். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கோயிலில், கீழே கல்லுக்கு வைத்த அதே அழுத்தத்தை மேலே சுதைக்கும் வைத்துவிட்டார்கள். துவாரபாலகருக்கு முகம் இல்லை. சிமென்டில் ஒரு முகம் செய்து ஒட்டி, எனாமல் பெயின்ட் அடித்து முடித்தார்கள். சுதைக்குச் சுண்ணாம்புதான் உயிர். அதில் ஆசிட் ஒரு சொட்டும் படக்கூடாது. மெத்தென்ற பிரஷும் சாதாரணக் குழாய்த் தண்ணீரும் பொறுமையும்தான் அதற்கு. இது தெரிந்தவர் அந்த வட்டாரத்திலேயே இருந்திருப்பார். அவரைக் கேட்க வேண்டும் என்று இவர்களுக்குத் தோன்றவில்லை, கேட்டிருந்தாலும் அவர் சொல்லியிருப்பாரோ என்னவோ.

"உங்களுக்கென்ன சார், மாசம் பொறந்தா பென்ஷன் வந்துடும். நாங்க சொல்லிக் கொடுத்தா அவன் நம்ம கஸ்டமரையே பிடிச்சிடுவான்" என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. நியாயமான பயம். கல்வி கொடுக்கக் கொடுக்க வளரும் என்ற பாடத்தை இங்கே நடத்தப் போவதில்லை. வயிற்றுப்பாட்டில் அது அப்படியே பொருந்தாது. ஆனால் ஒன்றை யோசியுங்கள். மாடி கழுவ ஆள் தேடுகிறவருக்கு நல்ல வேலை எது, கெட்ட வேலை எது என்று தெரியாது. எல்லாரும் ஒரே மெஷினைத்தான் கொண்டுவருகிறார்கள். அப்போது அவர் எதைப் பார்த்து ஆளைப் பிடிப்பார்? சதுர அடிக்கு எவன் குறைவாகக் கேட்கிறானோ அவனைத்தான். தெரியாதவன் ஓட்டோடு ஓட்டைச் சேர்த்திருக்கும் பூச்சையும் பிய்த்துவிட்டுப் போவான், ஐப்பசி மழையில் வீடு ஒழுகும். வீட்டுக்காரர் அடுத்த வருஷம், "பிரஷர் வாஷே வேண்டாம், வீட்டைக் கெடுத்துடும்" என்பார். அந்தத் தெருவே போச்சு. தெரியாதவன் கெடுப்பது தெரிந்தவனின் பிழைப்பையும் சேர்த்துத்தான்.

உங்கள் வாடிக்கையாளர் யார், என்ன ரேட், எந்த டீலரிடம் எவ்வளவு தள்ளுபடி, இவற்றை இடுப்பில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் சொத்து. ஆளுக்கு அடிபடும் விஷயத்தையும் பொருளைக் கெடுக்கும் விஷயத்தையும் மூடி வைக்க உங்களுக்கு உரிமை இல்லை என்கிறேன்.

நம் மண்ணிலேயே இதைச் செய்து காட்டியவர் இருக்கிறார். திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் 2006 முதல் நெல் திருவிழா நடத்தினாரே, என்ன ஏற்பாடு அது? 2 கிலோ பாரம்பரிய விதைநெல் கொடுப்பார். அடுத்த வருஷம் விளைவித்து 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அந்த நாலு கிலோ இன்னும் இரண்டு விவசாயிகளுக்குப் போகும். அவர் 2018இல் மறைந்தார். காணாமல் போயிருக்க வேண்டிய நூற்றெழுபதுக்கும் மேற்பட்ட நெல் ரகங்கள் அவர் முயற்சியால் வயலுக்கு வந்தன. மாப்பிள்ளைச் சம்பா இன்று கடையில் கிடைக்கிறது என்றால் அதில் அவருக்குப் பங்கு உண்டு. விதையைப் பூட்டி வைத்திருந்தால் பூச்சிதான் தின்றிருக்கும்.

உறவுகளுக்கு ஒரு வார்த்தை. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் முன் கழுவ ஆள் கூப்பிடும்போது ரேட்டை மட்டும் கேட்காதீர்கள். எத்தனை பார் வைப்பாய், எந்த நாசில், என்ன மருந்து போடுவாய், சோலார் பேனலை எப்படிக் கழுவுவாய் என்று கேளுங்கள். பேனலில் பிரஷர் அடிப்பேன் என்று சொன்னால் கிட்டே விடாதீர்கள். பழைய சுண்ணாம்புக் காரை வீடாக இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒழுங்காகப் பதில் சொல்கிறவன் நூறு இருநூறு கூடக் கேட்டால் கொடுங்கள். கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்றும் பாருங்கள். வாட்டர் சர்வீஸ் வைத்திருக்கும் தம்பிகள் எண்ணெய்த் தண்ணீரை நேரே வாய்க்காலில் விடாமல், எண்ணெயைத் தேக்கி எடுக்க ஒரு குழி கட்டுங்கள். அந்த வாய்க்கால் யாரோ ஒருவர் நாற்றங்காலுக்குத்தான் போகிறது.

என் மூன்று மாணவர்களுக்கும் ஒரு யோசனை சொல்லியிருக்கிறேன். அடைமழைக் காலத்தில் உங்களுக்கு வெளிவேலை இருக்காது. கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுத் திண்ணைக்கு வாருங்கள். ஆளுக்கொரு 80 பக்க நோட்டு வாங்கி வைக்கிறேன். கெட்டுப்போன வேலைகளை மட்டும் எழுதுவோம். என்ன சுவர், எத்தனை பார், எவ்வளவு தூரம், என்ன ஆனது. யார் செய்தது, எந்த ஊர் என்று எழுத வேண்டாம். மழைக்காலம் முடிந்ததும் அதைத் தட்டச்சு செய்து நானே இங்கே போடுகிறேன். இந்தத் தொழிலில் இருக்கும் மற்றவர்களும் வரலாம், என் மாணவராக இருக்க வேண்டும் என்பதில்லை. டீயும் பஜ்ஜியும் என் பொறுப்பு. வரும்போது அவரவர் நாசிலை எடுத்து வாருங்கள், தேய்ந்துபோனவற்றையும் சேர்த்து.