கட்டுக்கம்பி பிரேக்

"ஓடுற வரைக்கும் ஓடட்டும்ணே." பழைய பைக் வச்சிருக்கிறவன் இந்த வசனத்தைக் கேக்காத நாளே இல்ல.

போன வாரம் என் வண்டியோட பின் பிரேக் ராடு மரை தேய்ஞ்சுபோச்சு. நுனியில இருக்கிற அட்ஜஸ்ட் நட்டு பிடிக்காம வழுக்குது. ஒர்க் ஷாப் தம்பி கீழே கிடந்த சாதா நட்டு ஒண்ணைத் திணிச்சு, பின்னாடி கட்டுக்கம்பியைச் சுத்தி விட்டான். நானும் தலையாட்டிட்டு வந்தேன், அதையும் சொல்லணும்.

மறுநாள் விடிகாலை, ரெண்டு பக்கமும் பால் கேன். வாய்க்கால் கரையிலிருந்து இறங்கும்போது மிதிச்சா, பெடல் சும்மா கீழே போகுது. முன் பிரேக்கும் வேலிமுள்ளும் காப்பாத்துச்சு. பால் மண்ணோட போச்சு.

அது வெறும் நட்டு இல்லைங்க. அதோட முகத்துல அரைவட்டப் பள்ளம் இருக்கும். லீவர்ல உள்ள உருளைத் துண்டு அதுல உட்காரும். ஸ்பிரிங் அழுத்திப் பிடிக்கும். எவ்வளவு அதிர்ந்தாலும் தானாச் சுத்தாது. சாதா நட்டுக்கு அந்தப் பிடிமானம் ஏது?

"பழசைத் தள்ளிட்டு புதுசு வாங்குங்க"ன்னு டவுன்ல இருந்து சொல்லாதீங்க. மாத்த வேண்டியது ஒரு ராடு, ஒரு நட்டு. கிணத்து மோட்டார்ல காயில் புகைஞ்சா ராத்திரியோட ராத்திரியா ஆளை எழுப்புறோம். பயிருக்கு உள்ள அவசரம் நம்ம உயிருக்கு இல்லையா?

ராடு மாத்தியாச்சு. அந்தக் கம்பியை தம்பி மேசையிலேயே வச்சுட்டு வந்தேன்.